‘செய்ரி’யிலிருந்து தொடங்கும் கான்ஜி

ஸ்ரீசிட்டியின் ஜப்பானியத் தொழிற்சாலைகளில், ஷிஃப்டுக்கு உள்ளே போகும் வழியில் ‘5 எஸ்’ என்றொரு பலகை தொங்கும். செய்ரி, செய்ட்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, பெருக்கித் துடை, அந்தத் துப்புரவைக் கெடாமல் காப்பாற்று, இவை நான்கையும் சொல்லாமலே செய்கிற பழக்கத்துக்கு வா. சூளூர்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கு இந்த ஐந்தும் வேலையில் சேர்ந்த சூட்டிலேயே மனப்பாடம் ஆகிவிடும். ஜப்பானியர் வாயில் அது ‘ஸே’ என்று நீளும். நம் ஆலைத்தளத்தில் ‘செய்’தான். நான்கு தடவை ‘செய், செய்’ என்று ஏவுகிற பலகை தமிழ்க் காதுக்கு மறக்குமா?

2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இசுஸு 2016-இல் வண்டி செய்ய ஆரம்பித்தது. டைகினின் ஏ.சி. ஆலை 2023-இல் வந்தது. கோபெல்கோ, யூனிசார்ம், டோரே என்று தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டிய அந்தப் பகுதி முழுக்க ஜப்பானியப் பெயர்கள். அங்கே வேலை பார்க்கும் பலருக்கு அடுத்த ஆசை அந்த மொழியைப் படித்துவிடுவது. மொழி தெரிந்தால் மொழிபெயர்ப்பாளராகலாம், பயிற்சிக்கு ஜப்பான் போகலாம். 2019-இல் ஜப்பான் தொடங்கிய திறன்தொழிலாளர் விசாவுக்கு இந்தியாவும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது. அதற்கும் அடிப்படை ஜப்பானியம் தெரிந்திருக்க வேண்டும். சென்னைக்கு ரயிலேறினால் வகுப்புகள் உண்டு. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் நடத்தும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு ஜேஎல்பிடி என்கிற மொழித்திறன் தேர்வைச் சென்னையில் நடத்துகிறது.

ஆரம்பம் தேன்போல இனிக்கும். ஹிரகானா அட்டவணையைத் திறந்தால் அ, இ, உ, எ, ஒ. அதன் கீழே க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய நெடுங்கணக்கில் சிலவற்றை உதிர்த்துவிட்டு எழுதியதைப் போல இருக்கும். தற்செயல் அல்ல. பௌத்த மந்திரங்களைத் திருத்தமாக ஓத ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்தைக் கற்ற துறவிகள் வழியாகப் போன ஒலிவரிசை அது. 806-இல் சீனாவிலிருந்து திரும்பிய கூக்காய் என்ற துறவி அத்தகைய சுவடிகளைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ‘ப’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ நிற்கிறதே என்றால், பழைய ஜப்பானியத்தில் அது ‘ப’வாகத்தான் இருந்தது. இலக்கணமும் அப்படித்தான். எழுவாய் முன்னே, வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே. ‘சென்னைக்கு ரயிலில் போனேன்’ என்பதை அதே வரிசையில் சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் உறவு இல்லாவிட்டாலும் வசதி வசதிதான்.

பிறகு கான்ஜி வரும், வகுப்பில் கூட்டம் குறையும்.

கான்ஜி என்றால் ‘ஹான் எழுத்து’, அதாவது சீன எழுத்து. ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டுகளில் மட்டும் 1,026. முதல் வகுப்புக் குழந்தைக்கு 80. எண்ணிக்கைகூடப் பெரிதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை என்றால் உட்கார்ந்து உருப்போட்டுவிடலாம். அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்ளும் ஓசைகள் 4,388. சீனத்திலிருந்து வந்த ஓசைகள் 2,352. இவற்றை ஒன்-யோமி என்பார்கள். ஜப்பானியச் சொல்லையே எழுத்தின் மேல் ஏற்றிப் படிக்கும் ஓசைகள் 2,036, இவை குன்-யோமி. ‘உயிர், பிறப்பு’ என்ற பொருள் தரும் ஒரே எழுத்து சென்செய் (ஆசிரியர்) என்ற சொல்லில் ‘செய்’, இஷ்ஷோ (வாழ்நாள் முழுதும்) என்ற சொல்லில் ‘ஷோ’. ‘வாழ்’ என்றால் இகிரு, ‘பிற’ என்றால் உமரேரு, ‘முளை’ என்றால் ஹாயேரு. சமைக்காதது, பச்சை என்றால் நாமா. மாணவர் கையில் இதைப் பட்டியலாகக் கொடுத்து ‘நாளைக்குப் படித்துக்கொண்டு வா’ என்று சொல்கிற வகுப்புகள் உண்டு. மாணவர் நாளைக்கு வருவதில்லை.

இது ஏதோ ஜப்பானியருக்கு மட்டுமே உரிய விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1953-இல் ஆந்திரம் பிரியும்வரை சென்னையோடு சேர்ந்திருந்த, இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் புழங்குகிற சூளூர்பேட்டையில் இதை விளக்குவது சுலபம். ஒரு விலைச்சீட்டில் 8 என்று எழுதியிருந்தால் ஒருவர் எட்டு என்பார், பக்கத்தில் நிற்பவர் எனிமிதி என்பார். எழுத்து ஒன்று, பொருள் ஒன்று, ஓசை மட்டும் அவரவர் மொழி. சீனரும் ஜப்பானியரும் ஒரே கான்ஜியைப் பார்ப்பது இப்படித்தான். இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 100 என்ற எண்ணைத் தமிழர் ‘நூறு’ என்று படிப்பார். கிரிக்கெட் வீரர் 100 அடித்தால் ‘சதம்’ என்று படிப்பார். நூறு நம்முடையது, சதம் வடமொழியிலிருந்து வந்தது. ஒரே குறி, இரண்டு ஓசை, எது எங்கே என்று நாம் யாரும் யோசிப்பதே இல்லை. தனியே நிற்கும்போது சொந்தச் சொல், கூட்டுச்சொல்லில் கடன்சொல் என்பது பெரும்போக்கு. குன்-யோமிக்கும் ஒன்-யோமிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான். ‘100-ஆவது’ என்று எண்ணுக்குப் பின்னே விகுதியை மட்டும் எழுத்தில் எழுதுகிறோமே, ஜப்பானியரும் வினையின் அடியைக் கான்ஜியில் எழுதிவிட்டு விகுதியை ஹிரகானாவில் ஒட்டுகிறார்கள். அந்த வால் ‘கிரு’ என்றால் இகிரு, ‘மரேரு’ என்றால் உமரேரு. மேலே சொன்ன பட்டியலில் பாதிக் குழப்பத்தை அந்த வாலே தீர்த்துவிடும். 90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தொண்ணூறு’ என்ற சொல்லில் 9-க்கான ‘ஒன்பது’ எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஓசை முழுச் சொல்லுக்கும் உரியது. அதை 9-க்கும் 0-வுக்கும் பங்குபோட முடியாது. ‘இப்போது’, ‘நாள்’ என்ற இரண்டு கான்ஜிகளைச் சேர்த்தெழுதி ‘கியோ’ (இன்று) என்று படிப்பதும் அதே கதை.

எண்களோடு நிற்கவில்லை நம்மவர்கள். பழைய பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் ௵, ௴, ௳ என்று மூன்று குறிகளைப் பார்த்திருப்பீர்கள். வருடம், மாதம், நாள். ௸ என்றால் மேற்படி. இவை ஒலியெழுத்துகள் அல்ல, ஒரு முழுச் சொல்லைக் குறிக்கும் கூட்டெழுத்துகள். ௵ என்பதை ஒருவர் வருஷம் என்று படித்தார், இன்னொருவர் ஆண்டு என்று படித்தார், இரண்டும் சரியாகவே இருந்தது. தமிழிடம் இப்படிப் பத்துப் பன்னிரண்டு குறிகள் இருந்தன. ஜப்பானியம் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டது. வித்தியாசம் அளவில்தான்.

ஜப்பானுக்குச் சொந்த எழுத்து இல்லாத காலத்தில் கொரியா வழியாகச் சீன எழுத்து வந்தது. ஒரே தடவையில் வந்திருந்தால் ஓசை ஒன்றோடு நின்றிருக்கும். 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் தென்சீன உச்சரிப்பு பௌத்தத்தோடு வந்தது. 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுவரை தாங் பேரரசின் தலைநகர் சாங்கானுக்குப் போன தூதர்களும் மாணவர்களும் வேறொரு உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் பிறகு ஜென் துறவிகளும் வணிகர்களும் மூன்றாவது ஒன்றை. புதியது வந்தபோது பழையதை யாரும் தூக்கி எறியவில்லை. எந்தச் சொல் எந்தக் காலத்தில் வந்ததோ அந்தக் காலத்து ஓசையோடு தங்கிவிட்டது. ‘போ’ என்ற பொருளுள்ள எழுத்து கியோரெட்சு (வரிசை) என்ற சொல்லில் முதல் அலையின் ‘கியோ’. கின்கோ (வங்கி) என்ற சொல்லில் இரண்டாம் அலையின் ‘கோ’. மூன்றாம் அலையின் ‘ஆன்’ என்ற ஓசை மிக அரிது, பெரிய அகராதியைப் புரட்டினால்கூட இரண்டு மூன்று சொற்களில்தான் கிடைக்கும். அதில் ஒன்றை ஸ்ரீசிட்டித் தொழிலாளர் நாள் முழுக்கச் சொல்கிறார்: ஆன்டோன். அசெம்பிளி லைனில் கோளாறு வந்தால் சிவப்பாகவோ மஞ்சளாகவோ எரிகிற அந்த விளக்குப் பலகைக்குப் பெயர் கொடுத்தது, பழைய ஜப்பானில் காகிதம் ஒட்டிய கைவிளக்கு.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கான்ஜிக்கு என்று தனியே ஓசை கிடையாது. சொல்லுக்குத்தான் ஓசை. எழுத்தின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஓசைப் பட்டியல், அந்த எழுத்து வருகிற சொற்களையெல்லாம் அலசிப் பிற்பாடு வடித்தெடுத்த சாறு. சாற்றைக் குடித்து மரத்தை வளர்க்க முடியாது. சொற்களைக் கற்றால் ஓசைகள் தாமே வந்து சேரும். அந்தச் சொற்களில் ஒரு நல்ல கைப்பிடி, ஜப்பானிய ஆலையில் வேலை பார்ப்பவர் காதில் ஏற்கெனவே கிடக்கிறது, எழுத்தைப் பார்க்காமலே.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். கைசென் (மேம்பாடு) இரண்டு எழுத்தும் சீன ஓசை; நேர்வழி. கென்பா (வேலை நடக்கும் இடம்) முதல் எழுத்து சீன ஓசை, ‘பா’ ஜப்பானியச் சொல். ஒரே சொல்லுக்குள் கலப்பு. முடா (வீண்) என்பதற்கு எழுதுகிற கான்ஜிகள் ஓசைக்காக மட்டும் ஒட்டவைத்தவை. இரண்டாவது எழுத்துக்குள் ஒரு குதிரை நிற்கிறது, வீணுக்கும் குதிரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பாடப்புத்தகங்கள் பல அத்தியாயங்களில் பிரித்துப் பிரித்துச் சொல்லும் எல்லா வகை வாசிப்புகளும் ஆலைத்தளத்தில் சிதறிக் கிடக்கின்றன.

இப்போது 5 எஸ் பலகைக்கே திரும்பலாம். நான்கு ‘செய்’களில் முதல் இரண்டும் ஒரே எழுத்து, அடுத்த இரண்டும் இன்னோர் எழுத்து. முதல் எழுத்தில் மேலே இடப்பக்கம் ஒரு கட்டு, வலப்பக்கம் கோல் பிடித்த கை, அடியில் ‘சரி’ என்ற பொருள் தரும் எழுத்து. சிதறியதைக் கட்டித் தட்டி நேராக்குவது என்று பொருள் பார்க்கலாம். ஆனால் அடியில் இருக்கும் அந்த ‘சரி’க்கு இன்னொரு வேலை இருக்கிறது: அதன் ஓசை ‘செய்’. மொத்த எழுத்தின் ஓசையும் அதனால்தான் ‘செய்’. இரண்டாவது எழுத்தில் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள், வலப்பக்கம் நீலம் அல்லது பசுமையைக் குறிக்கும் எழுத்து. துளிகள் பொருளைக் காட்டுகின்றன: தண்ணீர் சம்பந்தப்பட்டது, தெளிவு, தூய்மை. நீலம் ஓசையைக் காட்டுகிறது: ‘செய்’. ஒரு பாதி பொருள், மறு பாதி ஒலி.

செய்ரியின் ‘ரி’யும் அப்படியே, இடப்பக்கம் மாணிக்கக்கல், வலப்பக்கம் ‘ரி’ என்று ஒலிக்கும் கிராமம். செய்ட்டோனின் ‘டோன்’ எழுத்தில் இடப்பாதி தனியே நின்றாலும் ‘டோன்’தான். செய்சோவின் ‘சோ’வில் ஒரு கையும் ஒரு துடைப்பமும். செய்கெட்சுவில் மறுபடி மூன்று துளிகள், பக்கத்தில் ‘கெட்சு’ என்று ஒலிக்கும் உறுப்பு. சீனத்தில் ஷு ஷென் என்ற அறிஞர் கி.பி. 100-ஐ ஒட்டி 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் அடுக்கி அகராதி செய்தபோதே பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இப்படிப் பொருளும் ஒலியும் கூடியவை. பிற்காலத்தில் 214-ஆகச் சுருங்கிய தலைப்புகளை 1716-இல் காங்ஷி பேரரசர் காலத்து அகராதி நிலைநாட்டியது. இன்றும் கான்ஜி அகராதிகள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நடக்கின்றன. ஆனால் அந்தத் தலைப்புகள் பொருள் பாதியை மட்டுமே கவனிப்பவை. படிப்பவருக்குப் பலன் தருவது மறு பாதி.

நீல எழுத்தோடு சூரியனைச் சேர்த்தால் தெளிந்த வானிலை: செய். அரிசியைச் சேர்த்தால் தீட்டித் தூய்மையாக்குதல்: செய். பேச்சைச் சேர்த்தால் வேண்டுகோள்: செய். ‘உணர்ச்சி’ மட்டும் முரண்டு பிடித்து ‘ஜோ’ என்று ஒலிக்கும். ஒரு குடும்பத்தில் அப்படி ஒன்று இருக்கத்தானே செய்யும். இன்னொரு குடும்பம் ஆலைக்கு இன்னும் நெருக்கம். கென்சா, பொருளைச் சோதித்துப் பார்ப்பது, கிகென், அபாயம், ஷிகென், தேர்வு. மூன்று சொல்லிலும் ‘கென்’ என்ற எழுத்தின் வலப்பக்கம் ஒரே உறுப்பு. இடப்பக்கம் மரம் இருந்தால் சோதனை, மேடு இருந்தால் அபாயம், குதிரை இருந்தால் தேர்வு. குவாலிட்டி பிரிவில் வேலை செய்பவர், மின்பெட்டியின் மேல் ஒட்டிய எச்சரிக்கையையும் தான் எழுதப்போகும் தேர்வின் பெயரையும் ஒரே உறுப்பில் பிடித்துவிடலாம். குதிரைக்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்த எழுத்து முதலில் ஒருவகைக் குதிரையின் பெயர் என்கிறார்கள், பிறகு பொருள் மாறிவிட்டது.

நழுவுகிற குடும்பங்களும் உண்டு. ‘தலைவன்’ எழுத்து தனியே ‘ஷு’. நீர்த்துளி சேர்ந்து ‘கவனம்’ என்ற சொல்லில் ‘சூ’. குதிரை சேர்ந்து வண்டி நிறுத்துமிடத்திலும் ‘சூ’. மனிதன் சேர்ந்து ‘குடியிரு’ என்றால் ‘ஜூ’. ஷு, சூ, ஜூ: நாக்கு நிற்கும் இடம் ஒன்றுதான், காலம் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கிறது. அலைகளும் ஒழுங்காகவே வந்தன. ‘செய்’ என்று ஒலிக்கும் பல எழுத்துகளுக்கு முதல் அலையின் ஓசை ‘ஷோ’. செய்/ஷோ என்ற இந்த இரட்டையை ‘சரி’யில் பார்த்தவர் ‘உயிர்’ எழுத்திலும் பார்ப்பார். அரிசி சேர்ந்த அந்தத் ‘தீட்டல்’ எழுத்திலும் பார்ப்பார்: ஜென் கோயில்களின் சைவச் சாப்பாட்டுக்கு ஷோஜின் என்று பெயர். பௌத்த வாசனை அடிக்கும் சொல் என்றால் ‘ஷோ’வை எதிர்பார்க்கலாம். விதியாக நம்பிவிடாமல் ஊகமாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது எஸ், ஷிட்சுகே. அதில் ஒலிக்கூறு எதுவும் இல்லை. ‘உடல்’ இடப்பக்கம், ‘அழகு’ வலப்பக்கம். உடலை அழகாக்குவது ஒழுக்கம். இந்த எழுத்து சீனாவிலிருந்து வந்ததே அல்ல. ஜப்பானியர் தாங்களே கூட்டிச் செய்தது, எனவே அதற்குச் சீன ஓசை கிடையாது. அரசுப் பட்டியலின் 2,136-இலும் சேரவில்லை. அதனால் ஜப்பானிலேயே பல பலகைகளில் இந்த ஒரு சொல்லை ஹிரகானாவில் எழுதிவிடுகிறார்கள்.

மூளை இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறது? 1971-இல் சுமிகோ சசானுமாவும் ஒசாமு ஃபுஜிமுராவும் மூளைத்தாக்கால் பேச்சும் எழுத்தும் பாதிக்கப்பட்ட ஜப்பானிய நோயாளிகளை ஆராய்ந்தார்கள். சிலருக்கு ஹிரகானா போன்ற ஒலியெழுத்தான கானா குழம்பிப்போயிருந்தது, அதே சொல்லைக் கான்ஜியில் காட்டினால் புரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இதன் தலைகீழ் நிலையும் பதிவானது. ஒலியைக் கூட்டிச் சொல்லுக்குப் போகும் வழி ஒன்று, வடிவத்திலிருந்து நேரே சொல்லுக்குப் போகும் வழி ஒன்று. இரண்டும் ஒரே மூளையில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஒன்று அடைபட்டாலும் மற்றது ஓரளவு திறந்திருக்கும். தேர்ந்த வாசகர் தமிழிலும் பழகிய சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. ஆனால் கான்ஜி படிப்பவருக்கு அந்த நேர்வழி கட்டாயம்.

கூஷோ என்று ஒரு பழக்கமும் உண்டு. ஓர் எழுத்து நினைவுக்கு வராதபோது ஜப்பானியர் காற்றிலோ உள்ளங்கையிலோ விரலால் கோடு போட்டுப் பார்ப்பார்கள். சசாகி, வாதனபே இருவரும் 1980-களில் இதைச் சோதனைக்கு எடுத்தார்கள். ஒரு கான்ஜியின் உறுப்புகளைத் தனித்தனியே கொடுத்து, கூட்டினால் என்ன எழுத்து என்று கேட்டார்கள். விரலை அசைக்க விட்டால் விடை சுலபமாக வந்தது, தடுத்தால் தடுமாறினார்கள். எழுத்து கண்ணில் மட்டும் இல்லை, கையிலும் இருக்கிறது. ஜேஎல்பிடி தேர்வில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை, எல்லாம் விடை தேர்ந்தெடுப்பதுதான். அதனால் எழுதிப் பழகுவது வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எல்லாவற்றையும் நூறு தடவை எழுத வேண்டாம். அடிக்கடி வரும் உறுப்புகள் ஒரு இருநூற்றைக் கைக்குப் பழக்கிவிட்டால் மற்ற எழுத்துகள் அவற்றின் சேர்க்கைதான்.

ஜேம்ஸ் ஹெய்சிக் 1977-இல் எழுதிய புகழ்பெற்ற கான்ஜி நூல் வேறு வழி காட்டியது: ஓசையையே தொடாதே, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் வைத்துக் கதை கட்டி, எல்லா எழுத்துகளின் வடிவத்தையும் பொருளையும் முதலில் முடித்துவிடு. கதை கட்டும் உத்தி அருமை. ஆனால் இரண்டாயிரம் எழுத்துக்குப் பொருள் தெரிந்து ஒரு சொல்லையும் வாய்விட்டுப் படிக்கத் தெரியாமல் மாதக்கணக்கில் இருப்பது, ஷிஃப்ட் முடிந்து இரவு ஒரு மணி நேரம் படிப்பவருக்கு ஒத்துவராது. கைப்பேசியில் ஜப்பானியம் தட்டச்சு செய்பவர் ஓசையைத்தான் தட்டுகிறார், கான்ஜி அதற்குப் பிறகு தோன்றுகிறது. ஓசை தப்பினால் எழுத்தே வராது.

எனவே மனப்பாடத்துக்குச் செய்துகொள்ளும் அட்டையில் எழுத்தைப் போடாமல் சொல்லைப் போடுவது நல்லது. முன்பக்கம் கென்சா என்ற சொல் கான்ஜியில், முடிந்தால் ஒரு சிறு வாக்கியத்தில். பின்பக்கம் ஓசையும் பொருளும். பின்பக்கத்தைப் பார்க்குமுன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து இழுத்தெடுப்பது நெடுநாள் தங்கும் என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். மறதியின் வேகத்தை எபிங்ஹாஸ் 1885-இலேயே அளந்திருந்தார்: கற்ற முதல் மணி நேரங்களில் சரசரவென்று சரிந்து, பிறகு மெதுவாகும். மறக்கப்போகும் நேரத்தில் ஒரு தடவை நினைவுபடுத்தினால் சரிவு தணியும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் ‘ஆன்கி’ என்ற செயலியை டேமியன் எல்ம்ஸ் 2006-இல் உருவாக்கியதே தான் ஜப்பானியம் படிப்பதற்காகத்தான். கென்சா, கிகென், ஷிகென் மூன்றும் வெவ்வேறு நாளில் உள்ளே போனாலும், மூன்றாவது வரும்போது ‘கென்’ தானாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதற்குப் பிறகு நான்காவது ‘கென்’னைப் பார்க்காமலே ஊகிக்கலாம். வாள் என்ற சொல்லில் அது வரும்.

தமிழ்வழிப் படித்தவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஓசையைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். மேலே வங்கிக்கு ‘கின்கோ’ என்று எழுதினேன். பணம் வைக்கும் இரும்புப் பெட்டகத்தையும் தமிழில் எழுதினால் ‘கின்கோ’தான். ஜப்பானியர் காதில் இரண்டும் தூர தூரம்: முதலாவது ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் ககரம்போல அதிர்ந்து தொடங்கிக் கடைசி ஓகாரத்தில் நீளும், இரண்டாவது ‘கடல்’ ககரம்போல வன்மையாகத் தொடங்கிக் குறுகி முடியும். பொன், வெள்ளி என்ற இரண்டு எழுத்துகளுக்குமே உள்ள வேறுபாடு அந்த முதல் ககரத்தில்தான் இருக்கிறது. நம் எழுத்து இடம் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்ளும். சொல்லின் முதலில் அதிர்வொலி வரும் என்று அது எதிர்பார்ப்பதே இல்லை. இந்த விஷயத்தில் சூளூர்பேட்டையில் தெலுங்கு எழுத்தில் குறிப்பெடுக்கும் நண்பர் நிம்மதியாக இருக்கிறார், அவருக்கு இரண்டு ககரமும் தனித்தனியே இருக்கின்றன. தமிழர் முதல் நாளிலிருந்தே கானாவில் எழுதிப் பழகிவிடுவதுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஜப்பானியத்தில் நிச்சியோபி. மூன்று எழுத்து, முதலும் கடைசியும் ஒரே எழுத்து, ‘சூரியன், நாள்’. முதலில் ‘நிச்சி’, கடைசியில் ‘பி’. முதல் மாதத்திலேயே வரும் இந்தச் சொல்லை ஓசைப் பட்டியல் வைத்துப் படிக்கப் போனால் மாணவர் திணறுவார். வாரநாள்களின் பெயராகக் கற்றுக்கொண்டால் அதில் இரண்டு ஓசை இருப்பதே கவனத்துக்கு வராது.

ஆட்பெயர்களில் வித்தை பலிக்காது. ‘தூய்மை’ எழுத்து ஒருவர் பெயரில் கியோஷியாக இருக்கும், இன்னொருவர் பெயரில் வேறாக இருக்கும், பெற்றோர் விருப்பம். ஜப்பானியருக்கும் இது தெரியாது. அதனால்தான் அவர்களுடைய விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கு மேலே ஓசையைக் கானாவில் எழுத ஒரு தனிக் கட்டம் இருக்கும். புதிதாக வந்த ஜப்பானிய மேலாளரின் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு ‘உங்கள் பெயரை எப்படிப் படிக்க வேண்டும்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அவருடைய ஊர்க்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிந்துவைக்கும் கோசெகி என்ற அரசுப் பதிவேட்டில் இத்தனை காலமும் பெயரின் கான்ஜி மட்டுமே இருந்தது. அதை எப்படி ஒலிப்பது என்பதற்கு இடமே இல்லை. சட்டத்தைத் திருத்தி 2025 மே 26 முதல்தான் ஓசையையும் சேர்த்துப் பதியத் தொடங்கியிருக்கிறார்கள்.